பத்து டம்ளர்

மருந்துக்கடை வெப்சைட்டு தெனமும் பதினோரு மணிக்குப் படுத்துக்கும். "டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்துல இருக்கறதே பத்து கனெக்‌ஷன். பத்தும் தீர்ந்து போயிடுது. இன்னிக்குள்ள சரி பண்ணலைன்னா உன் வேலை போச்சு!"ன்னு கத்தினார் மேனேஜர் தணிகாசலம். புரோகிராமை எழுதினதே அவர்தான். தப்பு அதுலதான்னு புதுசா சேர்ந்த பூங்கோதை எப்படிச் சொல்லுவா?

ஆபீஸ்ல காலி டம்ளரைத் தெனமும் எடுத்துக் கழுவி வைக்கிறவ அவதான். அன்னிக்கு வைக்கல.

"எங்கேம்மா என் டீ?"ன்னு கேட்டார் தணிகாசலம்.

"பிளாஸ்க் நெறைய இருக்கு சார். டம்ளர்தான் இல்ல. பத்தையும் குடிச்சவங்களே வச்சிருக்காங்க."

"குடிச்சா திருப்பி வைக்கணும்ல? அடுத்தவன் எதுல குடிப்பான்?"

"உங்க புரோகிராமும் அப்படித்தான் சார். வேலை முடிஞ்சும் கனெக்‌ஷனை விடவே மாட்டேங்குது."

தணிகாசலம் தன் மேஜையைப் பார்த்தார். மூணு காலி டம்ளர்! அசடு வழிய ஒண்ணைக் கழுவி, டீ ஊத்தி, அவகிட்ட நீட்டினார்.

"நீ முதல்ல குடிம்மா. அப்புறம் சேர்ந்து திருத்துவோம்."

"குடிச்சதும் டம்ளரைத் தந்துடறேன் சார்"னா பூங்கோதை.