வென்றது குட்டிச்சுவர்

முன்னொரு காலத்திலே, காலடியில் ஆறு ஓடியும் தண்ணீருக்கு மூச்சு வாங்கிய ஒரு ராஜ்யம் இருந்தது. கோட்டையும் ஊரும் குன்றின்மேல்; ஆறோ அடிவாரத்தில். மாடுகள் கவலை ஏற்றம் இழுத்துத்தான் தண்ணீர் மேலே ஏறும். ஒரு வருஷம் கோமாரி வந்து மாடுகள் எல்லாம் படுத்துவிட்டன. உடனே பிரதானி ஒரு கட்டளை போட்டார்: அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்க வீட்டுக்கு ஒரு பெண் வர வேண்டும். படிகள் நானூறு. கட்டளை போட்டவர் அவற்றை ஒருநாளும் ஏறியதில்லை.

அரசவை விகடகவி வெண்காடன் தன் வீட்டுக் குடங்களைத் தானே சுமந்துவிடுவான். ஆனால் அரண்மனை முறைக்கு அவன் மனைவி செம்பகவல்லிதான் போயாக வேண்டும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"இன்னிக்குப் பாதிப் படியிலயே கண்ணு இருட்டிட்டு வந்துச்சுங்க. உங்க ராஜா எப்பத்தான் ஒரு வழி பண்ணுவாரு? இந்தப் புள்ள படியிலதான் பொறக்கும் போல" என்றாள்.

வெண்காடன் அவளை உட்கார வைத்துக் காலைப் பிடித்துவிட்டான்.

ராஜா விசயகண்டரோ வழி தேடாமல் இல்லை. மாடில்லாமலே தண்ணீர் ஏற்றித் தருகிறோம் என்று மூன்று தொழில்காரர்கள் வந்திருந்தார்கள். காற்றில் சுழலும் சக்கரம் என்றான் ஒருவன். ஆற்றின் ஓட்டத்திலேயே சுழலும் சக்கரம் என்றான் அடுத்தவன். மூன்றாமவன் கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பிக் கொப்பரையைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியில் சக்கரத்தைச் சுழற்றுவேன் என்றான்.

"எல்லா விதத்திலும் எது சிறந்ததோ அதைத்தான் கட்டுவேன்" என்று ராஜா பிடிவாதம் பிடித்தார்.

பிரதானி ஒரு யோசனை சொன்னார். நூறு புளியங்கொட்டைகள். சபையோர் ஆளுக்கொரு குணத்தை ஓலையில் எழுதி, எந்தக் குணத்துக்கு எத்தனை கொட்டை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குணத்தில் எது சிறந்ததோ அதன் கூடைக்கு அத்தனை கொட்டை; அதிகக் கொட்டை வாங்குவது வெற்றி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு நாள் சண்டை நடந்தது. எதிரி கொளுத்த முடியாததாக இருக்க வேண்டும் என்றார் சேனாபதி. கிழக்குப் பார்த்திருக்க வேண்டும் என்றார் ஜோசியர். செலவு கூடாது, சத்தம் கூடாது, பழுதாகக் கூடாது என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். பிரதானி மட்டும் முப்பது கொட்டைகளை அள்ளிக்கொண்டு, தம் மாளிகை ஜன்னலை மறைக்கக் கூடாது என்று எழுதினார்.

எழுதி முடித்ததும் அவருக்கு வெண்காடன் மேலிருந்த பழைய வயிற்றெரிச்சல் தலைதூக்கியது. "மகாராஜா, கொட்டைகளை இடும் பொறுப்பைத் தங்கள் அபிமான விகடகவிக்கே தரலாம். அவன் தேர்ந்தெடுத்தது தண்ணீர் ஏற்றாவிட்டால் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். சபை மொத்தமும் தலையாட்டியது.

"அப்படியே ஆகட்டும். ஓலையில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. அதில் வெல்வதே இனி இந்த ராஜ்யத்தின் நீரேற்றி" என்று முத்திரை வைத்தார் ராஜா.

"நான்காவதாக ஒன்று போட்டிக்கு வரலாமா, மகாராஜா?" என்று கேட்டான் வெண்காடன்.

"வரட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் சபையில் நான்கு கூடைகள் இருந்தன. நான்காவது கூடையில் ஓர் உடைந்த செங்கல் கிடந்தது. "இது யானைக்கொட்டடிக்குப் பின்னால் நிற்கும் குட்டிச்சுவரின் பிரதிநிதி" என்றான் வெண்காடன். சபை சிரித்தது.

அவன் ஓலையை வாசித்து வாசித்துக் கொட்டைகளை இட்டான். காற்றுச் சக்கரம் ஜன்னலை மறைத்தது. ஆற்றுச் சக்கரம் சத்தம் போட்டது, வடக்கே வேறு பார்த்தது. கண்ணாடி உடையும். குட்டிச்சுவர் எந்த ஜன்னலையும் மறைக்கவில்லை. அதற்குச் செலவில்லை, சத்தமில்லை, இனிப் பழுதாக அதில் ஒன்றுமில்லை. நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. கிழக்குப் பார்த்தே இடிந்திருந்தது. தொண்ணூற்றொரு கொட்டை வாங்கியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நீரேற்றி கிடைத்துவிட்டது. நாளை முதல் பெண்கள் குடம் சுமக்க வேண்டியதில்லை அல்லவா?" என்றான் வெண்காடன்.

முத்திரை வைத்த ராஜா வேறென்ன சொல்வார்? "வேண்டியதில்லை" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. ராஜா உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க உட்கார்ந்தார். அண்டாவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எண்ணெய் வழிய வழிய நேரே குட்டிச்சுவருக்கு நடந்தார். அங்கே வெண்காடன் சுவரடியில் ஒரு குடத்தை வைத்துக் காத்திருந்தான்.

"தண்ணீர் எங்கேயடா?"

"விடிந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்கிறேன், மகாராஜா. சுவர் வாய் திறக்கவில்லை. சுவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று ஓலையில் எவரும் எழுதவில்லையே."

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தும் நிறுத்தவில்லை.

"சரி, கொட்டைகள் யார் கையில் இருக்க வேண்டும்?" என்றார்.

"இத்தனை நாள் குடம் யார் தலையில் இருந்ததோ, அவர்கள் கையில்."

பெண்கள் வந்தார்கள். தண்ணீர் ஏறுமா என்பதற்கே பாதிக் கொட்டையை ஒதுக்கிவிட்டார்கள். வருஷம் முழுக்க ஏறுமா, முறிந்தால் உள்ளூர்த் தச்சன் சரிசெய்வானா என்பவற்றுக்கு மீதி. காற்று ஆடியில்தான் வீசும். கொப்பரை மழைக்காலத்தில் படுத்துவிடும். ஆற்றுச் சக்கரம் வென்றது.

"சித்திரையில ஆறு சுருங்கிடும், சாமி. ஆனா ஆனைப்பாறை இடுக்குல மட்டும் ஓட்டம் நின்னதே இல்ல. அங்க வைக்கச் சொல்லுங்க" என்றாள் செம்பகவல்லி. அதைச் சொல்ல எந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்கவில்லை.

ராஜா வெண்காடனுக்குப் பொன்னாடை போர்த்தினார். தண்ணீர் வந்து விழும் தொட்டியை அவன் தெருவிலேயே கட்டச் சொன்னார். அந்த இடம் பிரதானி மாளிகை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

"சக்கரம் சுழலும்வரை தண்ணீருக்கு என்ன செய்வது, மகாராஜா?" என்று பிரதானி மெதுவாகக் கேட்டார்.

"குடம் சுமக்கும் முறை இனிச் சபையோருக்கு. இன்றைய முறை உம்முடையது. எண்ணெய் காய்கிறது, சீக்கிரம்" என்றார் ராஜா.

அந்த ராஜ்யத்தில் அதற்கு முன்னும் பின்னும் எந்த வேலையும் அத்தனை வேகமாக நடந்ததில்லை. சேனாபதி மரம் வெட்டினார், ஜோசியர் எல்லா நாளும் நல்ல நாள் என்றார், பதினெட்டாம் நாள் சக்கரம் சுழன்றது. செம்பகவல்லிக்குப் பெண் குழந்தை வீட்டில்தான் பிறந்தது.