ரேஸ் கொடுத்த கால்

பாளையங்கோட்டைப் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவர் மாஸ்டர்தான். பேச்சியம்மாளுக்கு முப்பத்தோரு வயது, ஒல்லி உடம்பு, பெயரில் இருக்கிற பேச்சு வாயில் கிடையாது. அவளும் மாஸ்டர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளிடம் சுகிர்தா வந்து நின்றாள். வயது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவள்.

"ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு என்ட்ட என்னக்கா வேலை?"

"தெரியும்னு நெனச்சுத்தான் எங்க வீட்டுக்காரங்களைக் கொல்லப் பாத்தேன்" என்றாள் சுகிர்தா.

நடந்தது இதுதான். துபாயில் இருக்கிற மகன், பழைய வண்டியைத் தள்ளிவிட்டு ஒரு ஹைப்ரிட் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். அதில் பெட்ரோல் இஞ்சின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று. எது எப்போது ஓடவேண்டும் என்பதை வண்டியே முடிவு செய்துகொள்ளும், மாமியார் மாதிரி. கிளட்ச் கிடையாது. கிளப்பினால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. சுகிர்தா கான்வென்ட்டில் படித்தவள். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்து, பென்சிலால் அடிக்கோடும் போட்டிருந்தாள். தலைக்கு எல்லாம் ஏறிவிட்டது. காலுக்கு யார் சொல்வது?

காலுக்குப் பழைய வண்டியின் பழக்கம். இஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கினால் போதும், அணைந்துவிடப் போகிறது என்று ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து ரேஸ் கொடுப்பாள். வண்டி உறுமும். அப்புறம்தான் கியர். போன வாரம் வீட்டு வாசலில் புது வண்டியைக் கிளப்பி, முன்னால் போகும் கியரில் போட்டாள். சத்தமே இல்லை. அணைந்துபோச்சு சனியன் என்று நினைத்து, ஒரு ரேஸ் கொடுத்தாள்.

உறுமவில்லை. பாய்ந்தது.

பிரேக்கில் ஏறி மிதித்து வண்டி நின்றபோது, கேட்டின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்த புருஷன் எட்வினின் முழங்காலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. எட்வின் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பார்வை மங்கிக்கொண்டே வருகிற மனுஷன். எந்தச் சத்தமும் கேட்காததால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டைத் திறந்தாச்சு சுகி. இன்னும் கிளப்பலையா?"

அவரிடம் இன்றுவரை அவள் சொல்லவில்லை. ஆனால் அவர் குளிக்கப் போனாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், அவளுக்கு அந்த முழங்கால்தான் கண்ணில் பட்டது.

வியாழக்கிழமை அவருக்கு மதுரையில் கண்ணுக்குள் போடுகிற ஊசி. போன மாசம், பழைய வண்டி போய்ப் புது வண்டி வராத நேரத்தில், வருகிறேன் என்று சொன்ன வாடகை வண்டிக்காரன் வராமல் ஊசி தவறியது. இன்னொன்று தவறினால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொருத்தரை நம்ப அவளுக்கு மனசில்லை. தன்னை நம்பவும் தைரியமில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாஸ்டர் சுகிர்தாவின் காலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழத்துங்க."

ஊருக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். லேசான ஏற்றம், மிதித்தால்தான் நகரும். வண்டிக்குள் இருந்த திரையில், மோட்டார் ஓடுகிறதா இஞ்சின் ஓடுகிறதா என்று அம்புக்குறி காட்டும். மாஸ்டர் தன் துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். அதைப் பார்த்து ஓட்டச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது என்றாள் சுகிர்தா.

"புத்தகம் சொல்லட்டும். கால் என்னக்கா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. மரக்கட்டை மாதிரி கெடக்கு."

அன்று முழுக்க அதே வேலைதான். மிதி, எடு. மிதி, எடு. இதைவிடச் சீக்கிரம் ஒரு ஆட்டுக்குட்டிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று சுகிர்தா பொருமினாள்.

"பானை கொதிக்கிறது, மூடியைத் தூக்காமத் தெரியுமாக்கா?"

"ஏன் தெரியாது?"

"எப்படி?"

"தெரியும்னா தெரியும். இதென்ன கேள்வி?"

"ம்" என்றாள் மாஸ்டர். "மிதிங்க."

வெயில் சாயும் நேரத்தில் சுகிர்தாவின் உள்ளங்காலுக்கு ஏதோ தட்டுப்பட ஆரம்பித்தது. அரிசிமணி கனத்துக்கு மிதித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது, அது மோட்டார். இன்னும் கொஞ்சம் மிதித்தால் பாதத்தில் ஒரு குறுகுறுப்பு. அது இஞ்சின் வந்து சேருகிற இடம். காலைத் தூக்கினால், பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கியது. அப்போது பேட்டரி ஏறுகிறது. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எட்வினின் முழங்கால் கண்முன் வந்துவிட்டது. கால் உதறத் தொடங்கியது.

மறுநாள் புதன். பொட்டலில் வண்டியை நிறுத்தியதுமே சுகிர்தா சொல்லிவிட்டாள்: "நாளைக்கு நீயே ஓட்டிட்டு வந்துரு மாஸ்டர். உனக்குத்தான் பயமில்ல."

மாஸ்டர் வண்டியை விட்டு இறங்கினாள். முன்னால் போய், வண்டிக்கு ஆறடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றாள்.

"என் பின்னாலேயே வாங்க."

விளையாடாதே, நகரு என்று சுகிர்தா கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். திட்டினாள். உன் வீட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாது என்றாள். மாஸ்டர் திரும்பாமல் நடக்க ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லாமல் சுகிர்தா மிதித்தாள். அரிசிமணி. வண்டி நகர்ந்தது. மாஸ்டரின் பின்னல் முன்னால் ஆடிக்கொண்டே போனது. அவள் நடை வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். சுகிர்தாவின் உடம்பில் இருந்த உயிரெல்லாம் வலது பாதத்துக்கு இறங்கிவிட்டது. குறுகுறுப்பு வருவதற்கு முந்திய இடம் எது, அதைத் தாண்டாதே, தாண்டாதே.

திடீரென்று மாஸ்டரைக் காணோம்.

பானெட்டுக்கு முன்னால் வெறும் செம்மண். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். சுகிர்தாவின் கால் எப்போது பிரேக்குக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. வண்டி நின்றதா? நகர்கிறதா? கேட்க ஒரு சத்தம் இல்லை. பார்க்க ஒரு தலை இல்லை. அந்த நேரம் பார்த்து, யாரும் மிதிக்காமலே, இஞ்சின் தானாக எழுந்து உறுமியது.

பதறியடித்துக் காலை எடுத்திருப்பாள். கால் கேட்கவில்லை. உறுமல் காதுக்கு வந்ததே தவிர, பாதத்தில் முன்னால் இழுக்கிற இழுப்பு இல்லை, நடுக்கம் மட்டும்தான். பேட்டரியை ஏற்றத்தான் இஞ்சின் ஓடுகிறது. வண்டி நிற்கிறது. இதைத் தலை சொல்லவில்லை. பிரேக்கை அழுத்தியபடியே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பானெட்டின் மேல் ஒரு கை முளைத்தது. அதைப் பிடித்து மாஸ்டர் எழுந்தாள். இதற்குத்தான் உட்கார்ந்தேன் என்பதுபோல, செருப்பில் குத்தியிருந்த கருவேல முள்ளைக் காட்டிவிட்டுத் தூரப் போட்டாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

சுகிர்தா வண்டியை அணைத்தாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் திட்டினாள். மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டாள்.

"இன்னும் நடுங்குது பாரு" என்று சுகிர்தா காலைக் காட்டினாள். "இந்தப் பயம் எப்பத்தான் போவும் மாஸ்டர்?"

"அன்னைக்கு வாசல்ல ரேஸ் குடுத்தீங்களே. அப்ப பயம் இருந்துச்சாக்கா?"

சுகிர்தா யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு மனசெல்லாம், சந்தைக்குப் போவதற்குள் சீலா மீன் தீர்ந்துபோகுமே என்பதில் இருந்தது.

"இல்லை."

மாஸ்டர் திரையிலிருந்து துண்டை எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இருக்குல்லா? அப்ப நாளைக்கு நீங்களே அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."