செதிலன் ஏறாத மலை

தாழங்குளத்தில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வான்தொட்டான் மலையின் உச்சிக்குப் போய், அங்கிருக்கும் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வருகிற விலங்குகளுக்குத்தான் அந்தக் கோடை முழுக்க முதலிடம். பூசாதவர்கள் கடைசியில் நிற்க வேண்டும். கோடையில் குளம் சுருங்கிவிடும். கடைசியில் நிற்பவர்களுக்கு மிஞ்சுவது சேறுதான்.

செதிலன் என்ற எறும்புத்தின்னி போன கோடை முழுக்கச் சேற்றைக் குடித்தே நாக்கு செத்துப் போனான். அதனால் இந்த மாசியில், நெட்டைவாலன் என்ற குரங்கு குளக்கரையில் நின்று, "உச்சிக்கு என்னோட யாரு வர்றீங்க?" என்று கூவியபோது, யோசிக்காமல் வாயை விட்டுவிட்டான்.

"நான் வர்றேன்!"

குளக்கரையே திரும்பிப் பார்த்தது. வரிசையைக் கவனித்துக்கொள்ளும் காட்டெருமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயா! சரிப்பா, மண்ணோட வா. முன்னாடி நிக்கலாம்!"

"அண்ணே போனா நானும் போறேன்" என்றாள் துள்ளி. அவள் ஒரு முயல். வரிசையில் எப்போதும் செதிலனுக்கு முன்னால் நிற்பவள். அதாவது, கடைசிக்கு முந்தியவள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் செதிலனுக்கு அந்த விஷயம் உறைத்தது. எறும்புத்தின்னிகளுக்கு ஒரு குணம் உண்டு. பயம் வந்தால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். சமதரையில் அதைப் போலப் பாதுகாப்பு வேறில்லை. புலிகூடப் புரட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடும். ஆனால் செங்குத்தான மலையில் பந்தாகச் சுருண்டால் என்ன ஆகும்?

செதிலன் வழியிலேயே நின்றுவிட்டான். போய், 'நான் வரவில்லை' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் குளக்கரை முழுக்க அதுதானே பேச்சு! வீறாப்பாகப் பேசியாயிற்று. இனி போய்த்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினார்கள். நெட்டைவாலன் முன்னால் தாவினான். அவன் வாய் ஓயவே இல்லை.

"உச்சியிலிருந்து பார்த்தா ஏழு காடும் தெரியுமாம்! அங்க போகாதவன் பிறந்தும் வீண்னு எங்க மாமா சொல்வாரு!"

"மாமா போயிருக்காரா?" என்று கேட்டாள் துள்ளி.

"அவருக்கு இடுப்பு வலி" என்றான் நெட்டைவாலன்.

மலையடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் வான்தொட்டான். வலது பக்கம் சின்னக் கரடு. அது ஒரு குட்டைக் குன்று. அதன் மேல் ஏறினேன் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. செதிலன் அதை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினான்.

ஏற்றம் தொடங்கியது. செதிலனின் நகங்கள் பாறையில் வழுக்கின. துள்ளி பின்தங்கிப் பின்தங்கி வந்தாள். மேலே நெட்டைவாலன் ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினான். அவன் கால் பட்டு ஒரு கல் பெயர்ந்து கடகடவென்று உருண்டு வந்தது.

அவ்வளவுதான்! செதிலன் பந்தாகச் சுருண்டான். பந்து உருளத் தொடங்கியது.

வானம் தெரிந்தது. பாறை தெரிந்தது. மறுபடி வானம் தெரிந்தது. "அண்ணே! அண்ணே!" என்று துள்ளி கத்தியது எங்கோ கேட்டது. பிறகு பொத்தென்று ஏதோ தடுத்தது. அது ஓர் உண்ணிச்செடிப் புதர். அந்தப் புதருக்கு அப்பால் எட்டிப் பார்த்தான் செதிலன். வெறும் பள்ளம். அடியே தெரியவில்லை.

நெட்டைவாலன் மேலிருந்து சிரித்தான்.

"இதுக்கே இப்படியா! இன்னும் மேல போனா கத்தி முனை மாதிரி ஒரு பாதை இருக்காம். அங்க புதரெல்லாம் கிடையாது! எழுந்து வாப்பா!"

செதிலன் எழுந்தான். ஒரு கால் முன்னால் வைத்தான். சேறு நாக்கில் கசந்தது போலிருந்தது. குளக்கரையின் சிரிப்பு காதில் விழுந்தது போலவும் இருந்தது. பிறகு அந்தப் பள்ளத்தை இன்னொரு முறை பார்த்தான். சேற்றைக் குடிக்கவும் உயிர் வேண்டுமே!

"நான் வரலை" என்றான்.

"என்னது?"

"எனக்குப் பயமா இருக்கு. பயந்தா சுருண்டுடுவேன். சுருண்டா உருண்டுடுவேன். நான் வரலை!"

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. அதே நேரம் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. துள்ளி பொத்தென்று உட்கார்ந்து பின்னங்காலை நீட்டினாள். அது வீங்கியிருந்தது.

"முந்தாநாள் முள்ளு குத்திடுச்சுண்ணே. நீங்க எப்போ இந்த வார்த்தையைச் சொல்வீங்கன்னு காலையிலேருந்து பார்த்துக்கிட்டே வர்றேன்!"

"அதை நீயே சொல்லியிருக்கலாமே?"

"வெட்கமா இருந்துச்சு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள்.

"கோழைகளா! சேறே குடிங்க!" என்று கத்திவிட்டு நெட்டைவாலன் மேலே தாவி மறைந்தான்.

இருவரும் மெல்ல இறங்கினார்கள். பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும் செதிலன் நின்றான். வெயில் இன்னும் ஏறவில்லை.

"இதுல ஏறிப் பார்ப்போமா? கால் தாங்குமா?" என்று சின்னக் கரட்டைக் காட்டினான்.

"இவ்வளவுதானே! நொண்டிக்கிட்டே ஏறிடுவேன்!"

சின்னக் கரட்டுப் பாதை சுற்றிச் சுற்றிச் சாய்வாகப் போயிற்று. சுருண்டாலும் உருள முடியாத பாதை. ஓரமெல்லாம் அருகம்புல். துள்ளி மேய்ந்துகொண்டே நடந்தாள். செதிலன் வழியில் ஓர் எறும்புக் கூட்டத்தைக் காலைச் சாப்பாடாக்கிக்கொண்டான். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. பேசிக்கொண்டே போனதில் உச்சி வந்ததே தெரியவில்லை.

உச்சிக்கு வந்ததும் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே தாழங்குளம் ஒரு பச்சை இலை அளவுக்குக் கிடந்தது. குளக்கரையில் மான் கூட்டம் நகர்வது தெரிந்தது. மூங்கில் காட்டுக்கு மேலே கிளிகள் கூட்டமாகத் திரும்பின. எதிரே வான்தொட்டான் மலையின் பக்கவாட்டில் ஓர் அருவி, மேலிருந்து கீழ்வரை முழுசாகத் தெரிந்தது. அந்த மலையில் நின்று பார்த்தால் அதன் அருவியே தெரியாது! உச்சியையோ மேகம் கவிந்து மூடியிருந்தது.

"அண்ணே, அதோ பாருங்க, உங்க வளை!"

செதிலன் பார்த்தான். ஆமாம், அவன் வீடுதான். தினம் நுழைந்து புறப்படும் அந்த ஓட்டை இவ்வளவு அழகான இடத்தில் இருக்கிறது என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. காற்று சிலுசிலுவென்று வீசியது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிற்பகலில் குளக்கரைக்குத் திரும்பினார்கள். காட்டெருமை கேட்டது, "எங்கப்பா மண்ணு?"

செதிலனுக்குச் சுருண்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றான்.

"பாதியிலேயே திரும்பிட்டேங்க. பயமா இருந்துச்சு. நாங்க சின்னக் கரட்டுக்குப் போனோம். ரொம்ப நல்லா இருந்துச்சு!"

வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து நெட்டைவாலன் வந்து சேர்ந்தான். அவன் நெற்றி நிறையச் செம்மண்!

"வழி விடுங்க! உச்சிக்குப் போனவன் வர்றேன்! ஏழு காட்டையும் பார்த்தவன் வர்றேன்!"

எல்லோரும் விலகினார்கள். நெட்டைவாலன் நேராகச் செதிலன் முன்னால் வந்து குனிந்தான்.

"நல்லாப் பார்த்துக்கோ! இதான் உச்சி மண்ணு!"

மண் அத்தனை அருகில் வந்ததும் செதிலனுக்கு ஏதோ வாசம் அடித்தது. அவன் ஒன்றும் நினைக்கவில்லை. அவன் நாக்குதான் தானாக நீண்டது. சளக்கென்று நெற்றியை ஒரு நக்கு நக்கிவிட்டது!

"அடடா! கரையான்!" என்றான் செதிலன், சப்புக்கொட்டி. "நம்ம அடிவாரத்துப் புத்து மண்ணு! என்ன ருசி!"

குளக்கரையே நெட்டைவாலனின் நெற்றியை உற்றுப் பார்த்தது. நெட்டைவாலனின் முகம் தொங்கிப் போயிற்று. அதைப் பார்த்ததும் செதிலனுக்குப் பாவமாகிவிட்டது.

"தெரியாம நக்கிட்டேன்ணே" என்றான்.

"இல்லப்பா" என்றான் நெட்டைவாலன், மெல்லிய குரலில். "நீங்க போனப்புறம் ஒரே மேகம். என் வாலே எனக்குத் தெரியலை. தனியா நின்னு அழுதேன். அப்படியே இறங்கிட்டேன். உங்ககூடவே வந்திருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையின் முன்னால் நின்ற முள்ளம்பன்றி தலையைத் திருப்பி, தன் நெற்றியில் பூசியிருந்த செம்மண் போகும்படி புல்லில் தேய்த்தது. அதற்குப் பின்னால் நின்ற காட்டுப்பன்றியும் தேய்த்தது. பிறகு நரி. செதிலனின் நாக்கு மறுபடி நீள்வதைப் பார்த்துக் காட்டெருமையே அவசரமாகத் தண்ணீரில் முகத்தை அமுக்கியது.

முகத்தைத் தூக்கியபோது அதன் நெற்றி சுத்தமாக இருந்தது. மூச்சும் இலேசாக வந்தது.

"இனிமே தாகம் எடுத்தவன் முதல்ல குடிக்கட்டும்" என்றது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "ஏம்ப்பா செதிலா, அந்தச் சின்னக் கரட்டுக்கு எப்படிப் போகணும்?"

ஊர் மெச்சும் மலையில் ஏறிவிட்டதாகப் பொய் சொல்லித் திரிவதைவிட, நம் கால் தாங்கும் குன்றில் ஏறிக் கண் நிறையப் பார்த்துவிட்டு வருவதே மேல்.