தண்ணீர் வந்து சேரும் நேரம்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யார் யாருக்கு அண்ணன் என்று குழம்ப வேண்டாம்.

குருவின் பெயர் செல்வநாயகி. மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஷெட் வைத்திருந்தார். பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்பார். புது வண்டியோடு வருகிறவர்களை, "இதுக்கு நான் சரிப்பட மாட்டேனுங்க, கம்பெனிக்கே கொண்டு போயிருங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

சீடர் நஞ்சப்பன். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தெய்வாத்தாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் மலையிறங்கி வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் தவறினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர், நஞ்சப்பனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் ரத்தம் சுத்தமாக நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவர் சீடரானார்.

ஆனதற்குக் காரணம் பயம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மண் சரிந்து சேறு தேங்கியிருந்த ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தது. அதன் சக்கரம் சேற்றை அள்ளி, இவர் காரின் முன்கண்ணாடி முழுக்க அடித்துவிட்டுப் போனது. கண்ணெதிரே எல்லாம் செம்மண் நிறமாக மூடிக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் அடிக்கிற வாஷர் குமிழை நஞ்சப்பன் இழுத்தார். தண்ணீர் வரவில்லை. பிறகு வந்தது, இரண்டு நூலாக. ஒன்று காரின் கூரைக்கு மேல் போயிற்று, இன்னொன்று பானட்டிலேயே விழுந்தது. வைப்பர் அந்தச் சேற்றைக் கண்ணாடியில் நன்றாக மெழுகிவிட்டது.

ஒருவழியாகப் பார்வை தெரிந்தபோது கார் நின்றிருந்தது. இடது பக்கம் கட்டைச்சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம். கால் எப்போது பிரேக்குக்குப் போனது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பின் இருக்கையில் தெய்வாத்தாள் தலையணையில் சாய்ந்திருந்தாள். அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியிடம் போய்ப் பயத்தைச் சொல்வார்களா? "டயர்ல ஏதோ கல்லு" என்று முனகிக்கொண்டே இறங்கி, சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அவளை ஆஸ்பத்திரியில் விட்ட கையோடு ஷெட்டுக்கு வந்தார்.

"அம்மிணி, கண்ணாடியைச் சேறு மூடினா அடுத்த நொடியே தெரியோணும். அதுக்கு என்ன மாத்தோணும்?"

செல்வநாயகி பானட்டைப் பார்த்தார். தண்ணீர் பீய்ச்சுகிற நாசில் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஓட்டை.

"நானே மாத்திக் குடுத்துரட்டுங்களா, இல்ல நீங்களே கத்துக்கறீங்களா?"

"கத்துக்கறேனுங்க. இனி யாரையும் நம்பறதா இல்ல."

"என்னையுமா?"

குரு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

முதலில் நாசில். இப்போதைய வண்டிகளில் வருகிற, விசிறிபோல விரித்து அடிக்கிற நாசிலை வாங்கி வரச் சொன்னார். பானட்டின் பழைய துளை அதற்குப் போதவில்லை. நஞ்சப்பன் அரத்தால் ராவி ராவிப் பெரிதாக்கிப் பொருத்தினார். தண்ணீர் விசிறியாகத்தான் வந்தது. ஆனால் வண்டி ஓடும்போது அதைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"நாசில் புதுசு, தண்ணி தள்ற மோட்டார் பழசு. இத்தனை ஓட்டைக்கு அதுக்குத் தெம்பு பத்தாதுங்ணா" என்றார் குரு.

அடுத்த செவ்வாய் மோட்டாரை மாற்றினார்கள். நடுவில் சீடர் சொந்த புத்தியில் ஒரு காரியம் செய்தார். சேறு நன்றாகப் போகட்டும் என்று பாத்திரம் விளக்குகிற சோப்பைத் தொட்டியில் கரைத்துவிட்டார். ஷெட் வாசலில் குமிழை இழுத்ததும் கண்ணாடி முழுக்க நுரை, மாவு அரைத்து ஊற்றியதுபோல. குரு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதும் குமிழை இழுத்துத் தண்ணீர் கண்ணாடிக்கு வந்து சேர இரண்டு விநாடி ஆயிற்று. நஞ்சப்பன் கைபேசியில் அளந்து வைத்திருந்தார். வண்டி சும்மா இருக்கும்போது டியூபில் உள்ள தண்ணீர் தொட்டிக்கே இறங்கிவிடுகிறது, இழுக்கும்போது மறுபடி முதலிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது என்று குரு காட்டினார். தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத ஒரு சின்ன வால்வை நடுவில் போட்டார்கள். இரண்டு விநாடி அரை விநாடியானது.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் குரு கேட்பார்.

"பயம் போச்சுங்களாண்ணா?"

"கொஞ்சம் இருக்குதுங்க."

கொஞ்சமா? உண்மையில் அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. லாரி ஹாரன் கேட்டாலே உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். வெயிலடிக்கிற நாளிலும் வளைவுக்கு வளைவு தண்ணீர் அடித்துப் பார்ப்பார். பாதி மலை இறங்குவதற்குள் தொட்டி காலியாகிவிடும். பிறகு காலித் தொட்டியை நினைத்துப் பயம் தொடங்கும். ஒரு தடவை வாடகைக்கு ஓட்டுநர் ஒருவரை அமர்த்திப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் "ஐயோ" என்று வெறும் தரையை மிதித்ததில், அந்த மனிதர் அடுத்த முறை போனையே எடுக்கவில்லை. பஸ்ஸில் போகலாம் என்றால், டயாலிசிஸ் முடிந்த உடம்போடு அத்தனை வளைவைத் தெய்வாத்தாளால் தாங்க முடியாது.

கார்த்திகை கடைசி வெள்ளியன்று ஷெட்டுக்கு வந்தவர் காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். செல்வநாயகி பக்கத்தில் வந்து நின்றார்.

"மேல மழை புடிச்சிருச்சுங்க அம்மிணி. இறங்கி வந்துட்டேன், எப்படி வந்தேன்னு கேக்காதீங்க. திரும்ப ஏற என்னால ஆகாது."

"ஆஸ்பத்திரியில அக்கா?"

"நாலு மணிக்கு வெளிய விட்டுருவாங்க. கூட்டிட்டு எங்க போறது? இன்னைக்கு ஏறலீன்னா செவ்வாய்க்கிழமை இறங்கவும் மாட்டேன். எனக்கே தெரியுது." பானட்டையே பார்த்தார். "இன்னும் என்ன மாத்தோணும், சொல்லுங்க. இப்பவே மாத்திடறேன். நாலு நாசிலா வெச்சுட்டா?"

"வெச்சாப் போச்சு. மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாம்."

குரு பானட்டைத் திறந்து உள்ளே கையை விட்டு எதையோ பார்த்தார், மூடினார். ஷெட்டின் பின்பக்கம் போய் ஒரு பிளாஸ்டிக் மக்கோடு வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார். மக்கில் என்ன என்று கேட்கிற நிலையில் சீடர் இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் செங்கல் சூளைக்காரர்களின் மைதானம் காலியாகக் கிடந்தது.

"இருபதுக்கு மேல போக வேண்டாங்ணா. நேரா போங்க."

கார் நேராகப் போயிற்று. பாதி மைதானம் தாண்டியபோது குரு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, மக்கில் இருந்த செம்மண் சேற்றை அப்படியே முன்கண்ணாடியில் வீசினார்.

மறுபடி எல்லாம் சிவப்பாக மூடிக்கொண்டது.

நஞ்சப்பன் குமிழை இழுத்தார். தண்ணீர் வரவில்லை. அரை விநாடி ஆயிற்று, ஒரு விநாடி, இரண்டு. இழுத்தார், இழுத்தார். வைப்பர் சேற்றைப் பிசைந்தது.

"வரலையே! அம்மிணி, தண்ணி வரலையே!"

குரு வாயைத் திறக்கவில்லை. தன் பக்கத்து ஜன்னலில் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சீடரின் பக்கத்து ஜன்னலும் திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவருக்குத் தோன்றவில்லை. பிரேக் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அவர் மைதானத்தில் இல்லை. அந்த வளைவில் இருந்தார். சுவர் வந்துகொண்டிருந்தது, அதற்கு அப்பால் மேகம்.

"தெய்வா! கெட்டியாப் புடிச்சுக்க!" என்று அலறினார்.

கார் எதிலோ மெத்தென்று முட்டி, குலுங்கி, எஞ்சின் அணைந்தது.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குரு கையை நீட்டி அதை நிறுத்தினார்.

"மணல் குவியலுங்ணா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை."

நஞ்சப்பனுக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று. திரும்பியதும் கோபம் வந்தது. இந்த ஆறு வாரத்தில் அவர் குருவிடம் குரல் உயர்த்தியதில்லை.

"தண்ணி ஏன் வரலை?"

"மோட்டார் வயரை நாந்தான் கழட்டி விட்டேன்."

"மணல் இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்ணா. ஜன்னல் வழியா நல்லாத் தெரிஞ்சுது."

"அப்பறம் சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க கேக்கலையே."

நஞ்சப்பன் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"இப்பக் கத்தினீங்களே, கெட்டியாப் புடிச்சுக்கன்னு" என்றார் குரு. "அன்னைக்கு அந்த வளைவுல கத்தினீங்களா?"

"இல்லீங்க. பாவம், அவளுக்கு எதுக்கு? அவளுக்கு இருக்கற சீக்கு பத்தாதா? அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"போன வெள்ளிக்கிழமை உங்க கையெல்லாம் கிரீஸு. அக்காவுக்குச் சாப்பாடு நாந்தான் கொண்டு போனேன்."

"ஆமா."

"அன்னைக்குச் சுவர் வர்றதை அக்கா பாத்தாங்களாம். முன்னாடிதான் சேறு. அவங்க பக்கத்துக் கண்ணாடி சுத்தமாத்தானே இருந்துச்சு. எவ்வளவு தூரத்துல இருக்குதுங்கறது காருக்குள்ள அவங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. நிறுத்துங்கன்னு கத்த வந்தாங்களாம். கத்தினா நீங்க பயந்துக்குவீங்கன்னு முந்தானையை வாயில வெச்சு அடைச்சுக்கிட்டாங்களாம்."

நஞ்சப்பன் திரும்பிப் பின் இருக்கைத் தலையணையைப் பார்த்தார்.

"டயர்ல கல்லுன்னு நீங்க இறங்கினப்போ, பாவம் மனுசனுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கட்டும்னு தூங்கற மாதிரி சாஞ்சுக்கிட்டாங்களாம். இப்பவும் அப்படித்தான். மலை முச்சூடும் முழிச்சுட்டுத்தான் வர்றாங்க. நீங்க மேல இருக்கற கண்ணாடியில பின்னாடி பாக்கறப்ப மட்டும் கண்ணை மூடிக்கறாங்க."

நஞ்சப்பன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். விரல்களுக்கு இடையே அழுகை வந்தது. குரு தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. இறங்கிப் போய் பானட்டைத் திறந்து வயரை மாட்டினார்.

அழுது முடிந்ததும் நஞ்சப்பன் குமிழை ஒருமுறை இழுத்தார். தண்ணீர் அரை விநாடியில் வந்தது. சேறு வழிந்து இறங்கியது. மணல் குவியல் தெரிந்தது, அதற்கு மேலே மலை தெரிந்தது. மலையின் பாதிக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை, அங்கே மழை கறுப்பாக நின்றது.

மணி மூன்றேமுக்கால்.

"அம்மிணி," என்றார் நஞ்சப்பன். "நான் என்ன செய்யோணும்?"

குரு பின் கதவைத் திறந்து, இருக்கையிலிருந்த தலையணையை எடுத்தார். முன்பக்கத்து இடது இருக்கையில் சிந்தியிருந்த சேற்றைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்து, தலையணையை அதில் வைத்தார்.

"அக்காவை இங்க உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"இங்கயா? லாரி வர்றது, பள்ளம், அத்தனையும் தெரியுமேங்க. அவ பயந்துக்குவாளே."

"பயந்துக்கட்டும்ங்ணா," என்றார் குரு. "ரெண்டு பேரும் சேந்தே பயந்துட்டுப் போங்க."