சுவரில் வந்த பெரிய ராஜா

முன்னொரு காலத்தில், வருஷத்தில் எட்டு மாதம் மழை ஊற்றுகிற முகிற்கோட்டையைச் சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் யாராவது கொஞ்சம் புகழ்ந்தால் போதும், உச்சி குளிர்ந்துவிடுவான்.

ஒரு மழைக்காலத்தில் அவன் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, கறுப்பாக ஒரு திட்டு படர்ந்தது. அரசவைப் பண்டிதர் அம்பலவாணர் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மகாராஜா! காலஞ்சென்ற உங்கள் தந்தையார் அல்லவா காட்சி தருகிறார்! அதே மூக்கு, அதே கன்னம்!"

ராஜா உருகிப்போனான். ஜன்னல்களை அடைத்தார்கள். சுவருக்குத் தினமும் பாலாபிஷேகம். தொடுகிறவன் கை போய்விடும் என்று ஆணை வேறு!

திட்டு கூரைவரை ஏறியது. ராஜாவுக்கு இருமல் பிடித்தது. அதே அறையில் தூங்கும் மூன்று வயது இளவரசி அல்லிக்கு மூச்சு இழுத்தது. ஓடி விளையாடுவதையே விட்டுவிட்டது குழந்தை.

அந்த இழுப்பைக் கேட்டு மந்திரி மருதவாணர் ராஜாவிடம் ஓடிவந்தார். "மகாராஜா, அது பூசணம். அதன் தூள் மூச்சில் போனால் குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லிப் பார்த்தார்.

"என் அப்பாவையா பூசணம் என்கிறீர்? இன்னொரு தடவை சொன்னால் உம் தலை இருக்காது!"

பண்டிதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

நான்காம் நாள், பட்டுத்துணி மூடிய வெள்ளித்தட்டோடு மந்திரி சபைக்கு வந்தார்.

"மகாராஜா, பெரிய ராஜா என் வீட்டுக்கும் எழுந்தருளிவிட்டார்!"

"எங்கே, எங்கே?" என்று ராஜா எழுந்தே விட்டான்.

மந்திரி துணியை விலக்கினார். மழையில் நனைந்து மூலையில் கிடந்த ஒற்றைச் செருப்பு! மேலெல்லாம் கறுப்புத் திட்டு.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. மந்திரி தட்டை இன்னும் பக்கத்தில் நீட்டினார்.

"அதே மூக்கு, அதே கன்னம், பாருங்கள். மூன்று நாள் பாலாபிஷேகம் செய்தேன், மீசையும் வளர்ந்துவிட்டது."

"அபசாரம்!" என்று பண்டிதர் துள்ளி எழுந்தார். "ஓதத்தில் கிடந்தால் செருப்பில் பூசணம் பூக்காதா? பாலை வேறு ஊற்றினால் கேட்கவா வேண்டும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"பண்டிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மந்திரி கைகூப்பினார். "அப்படியானால், சுவரில் இருப்பவர் யார், சுவாமி?"

பண்டிதர் மெல்லத் தன் இருக்கைக்குப் பின்னால் நகர்ந்தார்.

உள்ளேயிருந்து குழந்தை இருமுவது சபைவரை கேட்டது. ராஜாவின் கை வாளை விட்டது. வெட்கத்தில் அவனுக்கு முகம் சிவந்தது.

"என் அப்பா இருந்திருந்தால், பேத்தி இருமிய அன்றே அந்தச் சுவரை இடித்திருப்பார்" என்றான்.

அல்லியை அன்றே வெயில் படும் மேல்மாடிக்கு மாற்றினார்கள். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. பண்டிதருக்கு ஒரு சுரண்டியும், சுண்ணாம்பு வாளியும், மூக்கில் கட்டிக்கொள்ளத் துணியும் கிடைத்தன. அடைத்த ஜன்னல்களைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, ராஜா நிமிர்ந்து பார்த்தான்.

"கூரை மூலையில் இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறாரே, பண்டிதரே. அது யார், உம்முடைய தாத்தாவா?"