முன்னால் போகவேண்டியவர்

கொல்லிமலை ஏறுகிற லாரிக்காரர்கள் இந்தக் கதையைக் கண்ணை அகல விரித்துத்தான் சொல்வார்கள்.

மலை உச்சியில் மரம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போய் நின்றது. டயருக்குக் கட்டை கொடுத்திருந்தார்கள். கீழே, வளைவுக்கு மேல் வளைவாகப் பாதை மேகத்துக்குள் இறங்கியது. ஓரத்தில் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம்.

லாரிக்குச் சொந்தக்காரர் வையாபுரி புதுக் காரில் வந்து இறங்கினார். தன் இன்னொரு லாரியை ஓட்டும் நல்லையனைக் கூப்பிட்டார்.

"டேய், இதை உன் வண்டிக்குப் பின்னாடி கயித்துல கட்டி, அடிவாரத்துக்கு இழுத்துட்டுப் போ. முடியாதுன்னா வேலையை விட்டுப் போ."

"பிரேக் இல்லாத வண்டிங்க, முதலாளி."

"டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சுடா. சாமி பார்த்துக்கும்!"

அதற்குள் மற்ற லாரிக்காரர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். நல்லையன் குனிந்து பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அப்போ பயமே இல்லீங்க. சாமி காரியத்துல முதலாளி முன்னாடி போறதுதான் மரியாதை. கயித்தை உங்க கார்லயே கட்டிடுறேன். இறக்கம்தானே, தானா உருண்டு வரும்."

"அடப்பாவி! நான் பிரேக் போட்டா அவ்வளவு லோடும் என் மேல ஏறிடாதா? கயிறா பிடிச்சு நிறுத்தும்?"

நல்லையன் கைகூப்பினான். "இதையே நான் சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும், முதலாளி."

கூட்டம் வாய் பிளந்து நின்றது. வையாபுரி அப்போதுதான் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"மெக்கானிக்கை மேல வரச் சொல்லுங்கப்பா," என்றார் மெல்ல.

பிறகு லாரியருகே போய்க் குனிந்தார். எலுமிச்சம்பழத்தை அவர் பார்க்கவே இல்லை; கட்டையைத்தான் அசைத்து அசைத்துப் பார்த்தார்.