புகையை எண்ணியவர்

முன்னொரு காலத்தில் முல்லைநாட்டை மகிழ்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடக்கவேண்டும் அவருக்கு. ஒருநாள் விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, "உம் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டார். இவருக்குத் தெரியவில்லை. வாயில் வைத்த வடை தொண்டையில் நின்றுவிட்டது. மறுநாளே, "ஒரு ஊர் விடாமல் எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்று உத்தரவு போட்டார்.

ஈச்சங்குடியை எண்ணப் போனவர் அளகேசர். சபையில் ராஜாவுக்கு வலப்பக்கம் உட்காருகிறவர். ஈச்சங்குடி சின்ன ஊர்தான், ஆனால் அதன் ஏரி பெரிது. தன் தோட்டம் காயும்போது இந்தப் பஞ்சப் பயல்கள் வயல் பச்சையாக இருப்பதா என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

அவர் போன அன்று ஊரில் ஒரு சாவு. மடையை அடைக்க ஏரியில் முங்கிய மாடக்கண்ணு உயிரோடு மேலே வரவில்லை. ஈச்சங்குடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் செத்தாலும் அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பிழைக்கப் போனவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், சேதி காதில் விழுந்த அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள்.

அளகேசர் பல்லக்கை மேட்டிலேயே நிறுத்தச் சொன்னார். வெயிலில் யார் இறங்குவது? கூரைமேல் எழும் புகையைப் பார்த்து, ஒரு புகைக்கு ஐந்து பேர் என்று எழுதிக்கொண்டு போவதுதான் அவர் எண்ணுகிற லட்சணம். அன்று ஒரு புகையும் இல்லை.

"ஐயா, அழுகைச் சத்தம் கேட்குதுங்க," என்றான் பல்லக்குத் தூக்கி.

"நரி ஊளையிடுது. நீ தூக்கு," என்றார். ஓலையில் 'ஈச்சங்குடி, ஆள் இல்லை' என்று எழுதி முடித்தார்.

புருஷன் பிணத்தின்மேல் விழுந்து ஒருத்தி கதறினது அவருக்கு நரியாம்.

ராஜா ஓலையைப் பார்த்தார். "ஆளில்லாத ஊருக்கு ஏரி எதற்கு? நீரே வைத்துக்கொள்ளும்," என்று தூக்கிக் கொடுத்தார். நாலாம் நாள் அளகேசரின் ஆட்கள் வந்து, அமாவாசைக்குள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள்? ஓலைப்படி அங்கே இல்லாத ஆட்களிடம்.

மாடக்கண்ணுவின் பெண்சாதி சடைச்சி தலைநகருக்கு நடந்தாள். கால் வெடித்து ரத்தம் வந்தது. சபையில் போய் நின்றாள்.

"எந்த ஊரம்மா?" என்றார் ராஜா.

"ஈச்சங்குடி, மகாராசா."

அளகேசர் சிரித்தார். "அங்கே ஆளே இல்லையே. நீ யார், பேயா?" சபையும் சேர்ந்து சிரித்தது.

"ஐயா ஊருக்குள்ள வந்தீங்களா?"

"எதற்கு வரணும்? புகை இல்லாத இடத்தில் மனுஷர் இல்லை."

"நாங்க அழுதது கேட்கலையா?"

"ஏதோ நரி ஊளையிட்டது."

சடைச்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ராஜா பக்கம் திரும்பினாள். "மகாராசா, புகை இல்லைன்னா ஆள் இல்லைங்கறது நாடு முழுக்க உள்ள சட்டமா, எங்க ஊருக்கு மட்டுமா?"

ராஜாவுக்குச் சொக்கட்டான் ஆட்டம் காத்திருந்தது. "நாடு முழுக்கத்தான். போ," என்றார்.

"அப்ப சரிங்க."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனாள். தலைமைச் சமையல்காரர் உடையாண்டி அவளுக்குச் சித்தப்பா முறை. அங்கே வேலை செய்த பதினெட்டுப் பேரும் ஈச்சங்குடிக்காரர்கள்.

"வா தாயி. மாடக்கண்ணு சுகமா?"

"உங்க மருமகன் போயிட்டாரு, சித்தப்பா."

உடையாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, கொதிக்கிற உலைக்கு அடியில் ஊற்றினார்.

"ராசா நம்ம தலையை எடுத்துட்டா?" என்றான் ஒருவன்.

"எடுக்கட்டும். அப்புறம் நாளைக்கும் அடுப்பு எரியாது," என்றார் உடையாண்டி. பதினெட்டு அடுப்பும் அணைந்தது.

உச்சிவேளையில் ராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இலை காலி. சபையை இழுத்துக்கொண்டு சமையற்கட்டு முற்றத்துக்கே வந்து கத்தினார்: "எங்கேயடா என் சாப்பாடு?"

சடைச்சி முன்னால் வந்தாள். ஆனால் ராஜாவிடம் பேசவில்லை.

"அளகேசர் ஐயா, கூரையைப் பாருங்க. புகை இருக்கா?"

"இல்லை."

"அப்ப ஓலையை எடுங்க. அரண்மனை, ஆள் இல்லைன்னு எழுதுங்க."

"என்ன திமிர் உனக்கு? ராஜா எதிரே நின்று கத்துகிறார், காதில் விழவில்லையா?"

"விழுந்துச்சுங்க. நரின்னு நினைச்சேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. அவள்மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி ராஜாவின்மேலேயே விழுந்தது.

"அழுதீர்கள் என்றாயே, அன்றைக்கு அங்கே சாவா?" என்றார், குரல் இறங்கி.

"என் வீட்டுக்காரர். சாவுச் சேதி கேட்ட அன்னிக்கு எங்க ஊர்க்காரங்க அடுப்பு மூட்டமாட்டோம்."

"உங்கள் ஊரில் எத்தனை பேர்?"

"அவரு இருந்தவரைக்கும் நானூத்திப் பதிமூணு. உங்க கொள்ளுத்தாத்தா காலத்துல ஒம்பது குடும்பமா வந்தோம். அப்ப அது பொட்டல். வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு கூடை மண் போட்டுக் கட்டின கரை மகாராசா, அது. பிள்ளை பிறந்தா அது பேருக்கும் அப்பன் ஒரு கூடை போடுவான். வெட்டிப் பாருங்க, எங்க ஊர்ச் சரித்திரம் அடுக்கடுக்கா இருக்கும். அதைத்தான் ஒரு வாய்ச்சொல்லுல இவருக்குக் குடுத்தீங்க."

"ஏரி உங்களுடையது," என்றார் ராஜா. "இன்றைக்கு எனக்கும் சாப்பாடு வேண்டாம். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஓலையில முதல் பேரா அவரு பேரை எழுதணும். எழுதிட்டு அப்புறமா கோடு போட்டு அடிங்க. ஆளே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, இல்லாத மனுஷனுக்கா நான் தாலி அறுத்தேன்?"

ராஜா அளகேசர் பக்கம் திரும்பினார். "பல்லக்கு கிடையாது. நடந்து போம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பேர் கேட்டு எழுதும். எழுதின ஒவ்வொரு பேருக்கும் நீர் கரைக்கு ஒரு கூடை மண் சுமக்கிறீர்."

காலெல்லாம் கொப்புளமாக அளகேசர் ஈச்சங்குடி வந்து சேர்ந்தார். முதல் வீடு சடைச்சி வீடு. வாசலிலேயே நின்று, "பேர்?" என்றார்.

"உள்ள வாங்க. அங்கேயிருந்து பார்த்தா எண்ண முடியாது."

குனிந்து உள்ளே போனார். அடுப்பில் ஈர விறகு. வீடெல்லாம் புகை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, எழுத்தாணியைத் தடவி எடுத்தார்.

"மாடக்கண்ணு," என்றாள்.

எழுதினார். அந்தப் பேர்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார்.

"அடுத்து சடைச்சி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். அவள் ஊதாங்குழலை எடுத்து, விறகின்மேல் இன்னும் நாலு ஊது ஊதினாள்.